மாமி சுட்ட அப்பமும் பன்னிரண்டாம் குழாயும்

பியர் காய்ச்சுவது சுலபம், அதை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குடிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த அவஸ்தை.

கலங்கல்

எங்கள் சின்ன பியர் ஆலையில் பன்னிரண்டு குழாய்கள். பதினொன்றில் முதலாளி டேவ் காய்ச்சும் பியர் ஓடும். பன்னிரண்டாவதில் நானே காய்ச்சிய முதல் பியர், பண்ணைவீட்டு ஏல். ஐரோப்பாவில் குடியானவர்கள் வயல்வேலைக்கு வருகிறவர்களுக்காக வீட்டிலேயே காய்ச்சிய வகை அது. கலங்கலாக, லேசான புளிப்போடு, மிளகு வாசத்தோடு இருக்கும்.

நகரின் வடகோடியில் இருக்கும் ஆல்பனியிலிருந்து வந்த மலேசியத் தமிழர் ஒருவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விடுவேனா, வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. தெளிவா இருக்கிறது ஒன்னு குடுங்களேன்."

போத்தல்

இந்த பியரின் உயிர் அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் ஒரு போத்தல் தந்தார், கடையில் கிடைக்காது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தனி ஈஸ்ட் இருந்ததாம். ஒரு வீட்டில் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் போய் வாங்கி வருவார்களாம்.

அது மற்ற பியருக்குள் புகுந்தால் எல்லாம் புளித்துவிடும் என்று டேவுக்குப் பயம். அதனால் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். முதல் தடவை காய்ச்சிய பியர் குழாயில் தீரும் தறுவாயில் டேவ் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "வியாழக்கிழமை மறுபடி காய்ச்சு. இல்லாவிட்டால் அந்தக் குழாயிலும் என் பியர்தான்."

புதன்கிழமை

வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் அப்ப வாசம். மாமி, அதாவது என் கணவரின் அம்மா, சுடச் சுட எடுத்து வைத்தார். ஓரம் முறுகல், நடு பஞ்சு. மூன்று சாப்பிட்டேன். கை கழுவப் போனபோதுதான் சிங்குக்குப் பக்கத்தில் என் போத்தல் கழுவிக் கவிழ்த்துக் கிடந்ததைக் கண்டேன்.

'ஈஸ்ட்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன், யாரைக் குறை சொல்ல? எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியைப் பொறுத்தவரை நான் ஃபக்டரியில் வேலை. என்ன ஃபக்டரி என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கண்ணீரைக் கவனிக்காமல் மாமி சொன்னார்: "கள்ளு விட்டுச் சுட்ட மாதிரி வந்திருக்கு. இன்னொரு போத்தல் கொண்டு வா பிள்ளை."

மனுரேவா

மாமி போன கிழமையே ஒருதரம் சுட்டுப் பார்த்து, அந்த ஈஸ்டில் பாதியை நகரின் தெற்கே மனுரேவாவில் இருக்கும் கோயில் சிநேகிதி ராணி அன்ரிக்குக் கொடுத்தாராம். எனக்கு உயிர் வந்தது. ஆனால் திருப்பிக் கேட்கக் காரணம் சொல்ல வேண்டுமே. பியர் காய்ச்சத்தான் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமி அடுப்பை அணைத்தார், ஸ்வெட்டரைப் போட்டார், காரில் ஏறி உட்கார்ந்தார்.

ராணி அன்ரி ஜாம் போத்தலை நீட்டிக்கொண்டே, அப்படி என்ன அவசரம் என்று கேட்டார். மாமி போத்தலை வாங்கி என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "இவளின்ர ஃபக்டரியில அப்பம் போடுகினம். இவள் இல்லாட்டி அங்க ஒண்டும் பொங்காது."

வியாழக்கிழமை காய்ச்சிவிட்டேன், பன்னிரண்டாம் குழாய் என்னிடமே இருக்கிறது, மனுரேவாவில் மட்டும் நான் அப்பக்காரி.