நான்தான் கடைசி என்று சொன்னேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் சிட்னிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹோம்புஷ்ஷில் ஒரு சின்ன வாடகை வீடு. என் கணவருக்கு ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. ஊரில் ஆசிரியையாக இருந்த நான் இங்கே வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் தானும் மனைவியும் போவதற்கு ஒரு படகுச் சுற்றுலாவில் இடம் எடுத்து வைத்திருந்தார். கடைசி நேரத்தில் அவரால் போக முடியவில்லை. அந்த இரண்டு இடத்தையும் எங்களுக்குத் தந்தார். சிட்னிக்கு வடக்கே சில மணி நேரம் காரில் போனால் ஒரு பெரிய ஏரி. அதில் நாள் முழுக்கச் சுற்றி, கரையோர மழைக்காட்டில் நடந்து, பறவைகள் பார்த்துத் திரும்புவது. மொத்தமே பன்னிரண்டு பேர்தான். மரத்தால் செய்த பழைய மோட்டார் படகு, மேலே கான்வாஸ் கூரை. ஓட்டுபவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய மனைவி தேநீரும் சாப்பாடும் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு பேரில் நாங்கள் இருவர் மட்டும்தான் கறுப்பு. அந்தக் காலத்தில் எங்கே போனாலும் அப்படித்தான். பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் கடைசியாகத்தான் நிரம்பும். அதனால் புது இடத்துக்குப் போனால் யார் சிரிக்கிறார்கள், யார் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அது ஒரு நோய் மாதிரி என்னிடம் ஒட்டியிருந்தது.

அன்று காலை படகில் ஏறும்போது முன்னால் ஒரு முதியவர் நின்றார். எழுபதைத் தாண்டிய வயது, தனியாக வந்திருந்தார், கழுத்தில் பைனாகுலர். நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்று காலை வணக்கம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சரி, கேட்கவில்லையாக்கும் என்று விட்டேன். மத்தியானம் ஒரு மணல் விரிகுடாவில் இறங்கிச் சாப்பிட்டோம். நாணல்களுக்கு நடுவே கறுப்பு அன்னங்கள் மிதந்தன, கூழைக்கடாக்கள் வரிசையாக நின்றன. நான் வீட்டில் சுட்டுக் கொண்டுபோன வடையை எல்லோருக்கும் நீட்டினேன். மற்றவர்கள் எடுத்தார்கள், சிலர் இரண்டாவதும் எடுத்தார்கள். முதியவரின் பின்னால் போய் நின்று வேண்டுமா என்று கேட்டேன். அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. இரண்டு தரம் கேட்டேன். கையில் பெட்டியோடு நான் நின்றதை மற்றவர்கள் பார்த்தார்கள். முகம் எரிந்தது எனக்கு.

பின்னேரம் மழைக்காட்டுக் கரையில் இறங்கினோம். ஒற்றையடிப் பாதை. போய், அதே வழியால் திரும்பி வர வேண்டும். சேலை கட்டிக்கொண்டு நான் மெதுவாக நடப்பதைப் பார்த்த படகுக்காரர் சிரித்துக்கொண்டு ஒரு பொறுப்பைத் தந்தார். நீங்கள் எல்லோருக்கும் பின்னால் வாருங்கள், நீங்கள் படகில் ஏறினால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் மூன்று தரம் எண்ணிப் பார்த்துப் பழகியவள் அல்லவா நான்.

காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. எங்கோ ஒரு பறவை சாட்டையைச் சொடுக்கியது போல் கத்தியது. நீல நிறப் பொருள்களை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்து, குச்சியால் பந்தல் கட்டி அலங்கரிக்கும் ஒரு குருவியைப் பற்றிப் படகுக்காரர் சொன்னார். அன்று அதை யாரும் காணவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய அத்தி மரம். அதன் வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நின்றன. அந்த மரத்தடியில் முதியவர் பாதையை விட்டு இறங்கி, வேர்களுக்கு அப்பால் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் சேலை புதரில் உரசிய அசைவில் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாருங்கள், போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. காலையில் அவர் திருப்பிய மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். தானாக வரட்டும் என்று நினைத்தேன்.

படகில் ஏறினேன். தெற்குக் காற்று எழும்பியிருந்தது. குளிருக்கு எல்லோரும் முன்பக்கம் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின் இருக்கையில் முதியவரின் மேற்கோட்டும் பையும் கிடந்தன. படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, நீங்கள்தானே கடைசி என்று கேட்டார்.

ஆம், நான்தான் கடைசி என்று சொன்னேன்.

இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், ஏன் சொன்னேன் என்று. அவர் வேறு வழியால் எனக்கு முன்னே வந்திருப்பார் என்று நினைத்ததாக என்னையே ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வேறு வழியே கிடையாது. அவர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். படகு புறப்படும் சத்தம் கேட்டு ஓடி வருவார், எல்லோர் முன்னாலும் கொஞ்சம் அவமானப்படுவார், அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. ஆனால் அவர் ஓடி வரவில்லை. படகு கரையை விட்டு விலகியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. நேரம் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது.

அரை மணி நேரம் கழித்துப் படகுக்காரரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். தட்டில் ஒரு கோப்பை மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனவர், கோட்டை மட்டும் கண்டு திரும்பி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

எஞ்சினை நிறுத்தினார்கள். அலை படகை இரண்டு பக்கமும் ஆட்டியது. யார் அவரைக் கடைசியாகக் கண்டது என்று படகுக்காரர் கேட்டார். மத்தியானம் நாணல் பக்கம் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டதாக ஒரு பெண் சொன்னார். அதன் பிறகு கண்டதாக யாருக்கும் நினைவில்லை. படகுக்காரர் என்னைப் பார்த்தார். காட்டில் அவரைக் கண்டீர்களா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்றேன்.

அப்படியானால் மணல் விரிகுடாவில்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அவர் முடிவு செய்தார். சுக்கானை வடக்கே திருப்பினார். காடு இருந்தது மேற்கே. இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் பெரிது. இரண்டு இடத்துக்கும் போக வெளிச்சம் போதாது என்று அவர் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. படகில் அப்போது ரேடியோத் தொடர்பு எல்லாம் கிடையாது.

பின் இருக்கையில் கிடந்த கோட்டையே நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணவர் கவனித்துவிட்டார். குனிந்து மெல்லக் கேட்டார்.

"நீர் அவரைக் கண்டனீரோ?"

"கண்டனான். அத்தி மரத்தடியில."

"ஏன் சொல்லேல்லை?"

நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு இன்னும் மெல்லச் சொன்னார்: "இப்ப ஒண்டும் சொல்லாதையும். என்ர அலுவலகம் வரைக்கும் இந்தக் கதை போகும். அங்க காணேல்லை எண்டால் அவை தாங்களா காட்டுக்குத் திரும்புவினம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்தார். வந்து எட்டு மாதம், புது வேலை, புது நாடு. என் மனதிலும் அதே பயம்தான் இருந்தது. ஆனால் மேற்கே பார்த்தேன். காட்டுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு அடியில் இப்போதே இருட்டியிருக்கும். முதியவரின் கோட்டும் இங்கே கிடக்கிறது.

எழுந்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் கூரைக் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன். படகுக்காரரிடம் சொன்னேன்.

"நான் பொய் சொன்னேன். அவரைக் காட்டில் கண்டேன். இடம் எனக்குத் தெரியும்."

அவர் என்னை ஏசவில்லை. ஒரு கணம் பார்த்தார். பிறகு சுக்கானை முழுக்க வளைத்தார். படகு மேற்கே திரும்பியது. கரை வரை நின்றுகொண்டே போனேன். உட்கார எனக்குத் துணிவில்லை.

கரையை நெருங்கும்போது ஒருவர், எல்லோருமாகச் சேர்ந்து கூப்பிட்டால் கேட்கும்தானே என்றார். படகுக்காரரின் மனைவி தலையை ஆட்டினார். கூப்பிட்டுப் பயனில்லை, அவருக்குக் காது கேட்காது என்றார். வாழ்நாளெல்லாம் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் இரும்பை அடித்து அடித்துக் காது முற்றாகப் போய்விட்டதாம். ஒவ்வொரு வருடமும் வருவாராம். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாராம்.

அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று சொன்ன வணக்கமும், பின்னால் நின்று நீட்டிய வடையும் நினைவுக்கு வந்தன. புறப்படும் படகின் சத்தத்தைக் கேட்டு ஓடி வருவார் என்று நான் போட்ட கணக்கும்தான்.

அந்த அம்மா தன் ரப்பர் சப்பாத்துகளைக் கழற்றி என் முன்னால் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகு என்று சைகை காட்டினார். படகுக்காரரும் நானும் என் கணவரும் இறங்கினோம். கையில் ஒரு டோர்ச், கொஞ்சம் கயிறு.

காட்டுக்குள் கிட்டத்தட்ட இருட்டு. கூப்பிடுவதற்குப் பதிலாக டோர்ச்சை இரண்டு பக்கமும் வீசிக் காட்டிக்கொண்டு நடந்தோம். முதலில் கண்ட அத்தி மரத்தடியில், இதுதான் என்று சொல்லி இறங்கினேன். சுற்றித் தேடினோம். ஒன்றுமில்லை. அது வேறு மரம். எல்லா மரங்களும் எனக்கு ஒன்று போலவே தெரிந்தன. காலில் அட்டை ஏறியது தெரிந்தும் குனிந்து எடுக்கவில்லை. இடமே தவறென்றால் என்ன செய்வது? படகுக்காரர் பொறுமையாகக் கேட்டார், அவர் எந்தப் பக்கம் நின்றார், ஏறும்போது வலதா இடதா என்று. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். திரும்பி வரும்போது என் இடக்கைப் பக்கம். பக்கத்தில் ஓடை இரையும் சத்தம்.

இன்னும் மேலே ஏறினோம். ஓடைச் சத்தம் கேட்ட இடத்தில் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கேட்டது. டொம், டொம், டொம் என்று மூன்று அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

சுவர் போன்ற வேர்களுக்கு அப்பால் ஒரு பள்ளம். ஓடைக் கரையில் சறுக்கி விழுந்து, பாறைக்கும் வேருக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தார். கையில் ஒரு கல். அதனால் வேரை அடித்துக்கொண்டிருந்தார். தான் அடிக்கும் சத்தம் தனக்கே கேட்காத மனிதர். டோர்ச் வெளிச்சம் பட்டதும் கல்லைக் கீழே போட்டார். உடம்பெல்லாம் நனைந்து பற்கள் தந்தியடித்தன. படகுக்காரரும் என் கணவரும் பாறையை நெம்பி, காலை மெல்ல எடுத்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தேய்த்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. நடுங்கிக்கொண்டே சொன்னார்:

"நீங்கள் என்னைக் கண்டது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் அதிகம் பயப்படவில்லை. இவள் சொல்லுவாள் என்று இருந்தேன்."

படகுக்காரர் என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கணவரும் படகுக்காரரும் அவரைத் தோள்கொடுத்துக் கொண்டுவந்தார்கள். படகில் கம்பளி போர்த்தி, சூடான தேநீர் கொடுத்தார்கள். நான் எதிரே உட்கார்ந்தேன். வாயை நன்றாகத் திறந்து, மெல்ல மெல்லச் சொன்னேன்: கண்டேன், ஆனால் உடனே சொல்லவில்லை, கேட்டபோதும் இல்லை என்றேன். ஒரு தரம் போதவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏன் என்று கேட்டார். காலையில் வணக்கம் சொன்னேன், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. நான் பேசியதை அவர் காணவேயில்லை. நாள் முழுக்க நான் நெஞ்சில் சுமந்த அவமானம் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தரம் என் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள்" என்றார்.

துறையில் வெளிச்சம் தெரிந்தது. படகுக்காரர் அவரைத் தன் வண்டியில் வைத்தியரிடம் கூட்டிப் போனார். எலும்பு முறியவில்லை என்று அடுத்த வாரம், எங்களுக்கு இடம் தந்த நண்பர் மூலம் அறிந்தோம். என் கணவர் பயந்தது போல அலுவலகத்தில் எந்தக் கதையும் வரவில்லை. படகுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை போலும். வீடு திரும்பும் வழியில் கணவர் காரை ஓரமாக நிறுத்தி, தான் சொன்னது பிழை என்று மட்டும் சொன்னார். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது சிட்னியிலேயே, பென்டில் ஹில்லில் மகளோடு இருக்கிறேன். இந்த நாட்டில் என்னைக் கண்டு உண்மையாகவே முகத்தைத் திருப்பியவர்களும் இருந்தார்கள். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யாராவது பதில் பேசாமல் போனால், முன்னால் போய் நின்று இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல நேரத்தில் உண்மையைச் சொன்னாய், ஓர் உயிரைக் காப்பாற்றினாய் என்று மகள் சொல்லுவாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஈரத்தில் கிடந்தபடி ஒரு மனிதர் என்னை நம்பிக்கொண்டிருந்த அரை மணி நேரத்துக்கு மேல், நான் அவருடைய வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்காமல் இருப்பதுதான் நல்லது என்றும் தோன்றுகிறது.