நீளப்பேர்க்காரரின் பன்னிரண்டு எழுத்து

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், எங்கள் சின்னம்மா ஒரே ஆளின் பெயரை நான்கு தடவை தைத்து மூன்று தடவை பிரித்தார்.

அப்போது நாங்கள் நகரத்தின் ஓரத்தில், அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் இருந்தோம். சின்னம்மா எங்களோடு தங்கி, பக்கத்தில் ஒரு சின்னத் தையல் பட்டறையில் வேலை செய்தார். அவசர வேலையென்றால் முதலாளி துணியை வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுவார். நகரத்தின் பெரிய பேஸ்போல் அணிக்கு ஜேர்சிகளின் முதுகில் பெயர் தைப்பது அந்தப் பட்டறைதான். பேர்போன ஆட்டக்காரர்களுக்கு வருடத்தில் ஒருமுறை தைத்தால் போதும். நான் சொல்லும் இந்த ஆள் அப்படியல்ல. வெளிக்களத்தில் பந்து பிடிக்க நிற்கும் மூவரில் யாருக்காவது கால் பிசகினால், எங்கேயோ சின்ன ஊர் அணியில் ஆடிக்கொண்டிருக்கும் இவரைக் கூப்பிடுவார்கள். கால் சுகமானதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்தால் பெயரைத் தைக்கவேண்டும், போனால் பிரிக்கவேண்டும். பெயரோ பன்னிரண்டு எழுத்து; ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் போய் முடியும்.

"உந்த நீளப்பேர்க்காரன் ஒரு இடத்தில இருக்கமாட்டானோ?" என்று சின்னம்மா நூலைப் பிடுங்கியபடி கேட்பார்.

நான் அவருக்குப் பேஸ்போலை விளக்குவேன். பாதி எனக்கே தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லுவதில் அந்த வயதில் என்னை யாரும் மிஞ்சமுடியாது.

மூன்றாவது தடவை முதலாளி ஜேர்சியைக் கொடுத்துவிட்டுப் போய், பெயரைப் போனில் சொன்னார். சின்னம்மா அடுப்படியில் நின்றதால் நான்தான் எடுத்தேன். அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்க, எனக்குத் தெரியும் என்று இடையில் வெட்டிவிட்டு நானே எழுதிக் கொடுத்தேன்.

சின்னம்மா கடதாசியைப் பார்த்து யோசித்தார். "ஒண்டு குறையுது போல கிடக்கு, பிள்ளை."

"இல்லை சின்னம்மா. ஸ்பெல்லிங்கில நான்தான் வகுப்பில முதல்."

அவர் என்னை நம்பித் தைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நீளப்பேர்க்காரரைக் களத்தில் இறக்கினார்கள். ரீவியில் அவருடைய முதுகு பெரிதாகத் தெரிந்தது. வர்ணனையாளர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சின்னம்மா ரீவிக்குக் கிட்டப் போய் விரலால் எண்ணினார். பதினொன்று. இரட்டையாக வரவேண்டிய ஓர் எழுத்து ஒற்றையாக நின்றது. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

ஞாயிறு காலை முதலாளி வான் வண்டியோடு வந்துவிட்டார். ஒரு மணிக்கு ஆட்டம். அதற்குள் திருத்தாவிட்டால் பட்டறைக்கு அந்த வேலை இல்லை, சின்னம்மாவுக்குப் பட்டறையே இல்லை என்றார். சின்னம்மா ஊசி, நூல், கத்தரிக்கோலோடு என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு வார்த்தைகூட என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மைதானத்தின் பின்வாசலில் ஒரு நீண்ட நடைபாதை. அங்கே ஜேர்சியைக் கையில் பிடித்தபடி நின்றவர் நீளப்பேர்க்காரரேதான். தாடியில் அங்கங்கே நரை. எனக்கு அவர் கிழவராகத் தெரிந்தார்; அதைச் சின்னம்மாவின் காதில் சொன்னேன்.

"முப்பத்து மூண்டு இருக்கும். என்ர வயசுதான்," என்றார் சின்னம்மா. பிறகு, "பிழை என்னுடையது எண்டு சொல்லு," என்றார்.

நான் அதை மிகத் துல்லியமாக, ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்திலிருந்த பெட்டியில் உட்கார்ந்தார். சின்னம்மா தையலைப் பிரித்து, எழுத்துகளை நெருக்கி, விட்டுப்போனதை இடையில் வைத்துக் கையாலேயே தைத்தார். தைக்கும்போது வாய் சும்மா இருக்காது.

"ஏன் அடிக்கடி கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்பிறாங்கள் எண்டு கேள்."

கேட்டேன். அவர் சிரித்தார். பதினொரு வருடமாக இதுதானாம். மற்றவனுக்குக் கால் நொந்தால் இவருக்கு வேலையாம். ஆனால் ஒருவனுடைய கால் நோகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லையாம்.

"நல்ல மனிசன்," என்றார் சின்னம்மா.

நீளப்பேர்க்காரர் என்னிடம், இன்றைக்கு என் அம்மா வந்திருக்கிறா, பெரிய மைதானத்தில் நான் ஆடி அவ பார்த்ததில்லை, அதனால்தான் பெயர் சரியாக இருக்கவேண்டும் என்று கேட்டேன் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, இனி இதை உன் சின்னம்மா தைக்கத் தேவையிருக்காது என்று சொல்லு என்றார்.

நான் சொன்னேன். சின்னம்மாவின் ஊசி நின்றது.

"ஏனாம்? என்னை நிப்பாட்டப் போறாங்களோ?"

"இல்லை சின்னம்மா! நீங்கள் அவ்வளவு இறுக்கமாத் தைச்சிருக்கிறியளாம். இனிக் கழலாதாம்."

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதற்கு வேறென்ன அர்த்தம் இருக்கமுடியும்? சின்னம்மா அவருடைய முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதியைத் தன் கலியாணச் சேலைக்குக் கரை அடிப்பதுபோலப் பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

நீளப்பேர்க்காரர் எங்களுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துத் தந்தார். கடைசிச் சுற்றில்தான் அவரை இறக்கினார்கள். ஒரேயொரு பந்து அவர் பக்கம் உயர்ந்து வந்தது. என்னாலும் பிடிக்கக்கூடிய பந்து. அதைப் பிடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆட்கள் இருந்த ஒரு மூலையைப் பார்த்து உயர்த்தினார். ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகும் புல்லில் தனியாக நின்றார். இவ்வளவு சுகமான பந்துக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று எனக்குத் தோன்றியது. சின்னம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

அன்று காலையே அணியிலிருந்து விடுவிக்கப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்பதும், ஆட்டம் முடியும்வரை மட்டும் இருக்கச் சொன்னார்கள் என்பதும், அதன்பிறகு அவர் எங்கேயும் ஆடவில்லை என்பதும் கல்லூரிக் காலத்தில் ஒரு பழைய பத்திரிகையின் மூலையில் நான் படித்தவை.

அந்தக் கோடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜேர்சி பிரிக்க வரவில்லை என்பதுதான். ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது. மற்றப் பெயர்கள் வந்தன; அந்தப் பெயர் வரவில்லை. கூட்டாளிகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து சின்னம்மாவிடமும் சொன்னேன்.

"பாத்தீங்களோ? நீளப்பேர்க்காரர் பெர்மனன்ற் ஆகிட்டார்! இனித் திருப்பி அனுப்பமாட்டாங்கள்!"

சின்னம்மா மெசினை நிறுத்தினார். என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நீ சொன்னாச் சரிதான்."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.