வலப்பக்கம் தூங்குகிறது

பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலப்பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். இடப்பாதி சிரித்தது. வலப்பாதி அசையவேயில்லை.

“மழையில மோட்டார் சைக்கிள்ல சுத்தாதன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். காத்து பட்டுடுச்சு பாரு!” என்றார் அம்மா.

மருத்துவமனையில் டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். வலப்பக்கம் இரண்டும் நடக்கவில்லை. பக்கவாதம் இல்லை, பெல்ஸ் பால்சி (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார். ஸ்டீராய்டு (வீக்கம் தணிக்கும் மருந்து) கொடுத்தார்.

“எப்ப டாக்டர் சரியாகும்?”

“நிறைய பேருக்குச் சில மாசத்துல. முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா.”

இங்கே மலேசியாவில், பாடாங் செராயில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு நடத்துகிறேன். தேய்ந்த சிலிப்பர், பால் கோப்பை, டிபன் மூடி என்று எதையாவது தட்டில் வைத்து, “இதுக்கு என்ன ஆச்சு?” என்பேன். அவர்கள் கதை கட்டுவார்கள். அதற்கு எனக்கு முகம் வேண்டும். இப்போதோ ‘பூனை’ என்றால் காற்றுதான் வருகிறது.

“வகுப்பை நிறுத்திடு லா. பிள்ளைங்க பயந்துடும்,” என்றார் அம்மா.

பயந்தால் பயப்படட்டும் என்று கிளம்பினேன். ஆனாலும் முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் போனேன். அதை இங்கே மறைத்து என்ன பயன்?

அன்று தட்டில் வைக்க எதுவும் கொண்டுபோகவில்லை. கவசத்தைக் கழற்றி வைத்தேன். என் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு என்ன ஆச்சு?” என்றேன்.

ஏழு வயது கவினா உதட்டில் விரல் வைத்தாள். அவள் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை.

“ஷ்ஷ்! அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குது. சத்தம் போட்டா ஏசும்.”

“கண்ணு தொறந்திருக்கே?” என்றான் முகிலன்.

“எங்கப்பாவும் அப்படித்தான் லா! டிவிய அடைச்சா, ‘பாத்துக்கிட்டுதானே இருக்கேன்’ம்பாரு.”

“அப்ப டீச்சருக்கு இந்தப் பக்கம் ஓவர்டைம்!” என்றான் முகிலன்.

சிரித்தேன், பாதி வாயால். வகுப்பு ஒரு சனிக்கிழமைகூட நிற்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். பிறகு, கையால் மறைத்துக்கொண்டு சிரிக்காதீர்கள்.

நான்கு மாதமாகிறது. கண் மூடுகிறது, வாயில் ‘பூனை’ வந்துவிட்டது. வலது உதடு மட்டும் எதற்கும் தாமதமாகத்தான் வருகிறது.

போன வாரம் அண்ணன் கல்யாணம். “வாய மூடிக்கிட்டு நில்லு,” என்று அம்மா கிசுகிசுத்தார். பல் தெரியச் சிரித்தேன்.

படம் எடுத்தவர் திரையைப் பார்த்துத் தயங்கினார். “ஒரு பக்கம் சரியா விழலம்மா. இன்னொரு தரம்... ஒன்னு, ரெண்டு, மூனு—”

“நாலு வரைக்கும் எண்ணுங்கண்ணே,” என்றேன். “அது எழுந்து வரணும்.”