ஒன்று போதும் என்று சொன்னவள்

சித்தேரி மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து ஏறியது. முன்சீட்டில் ராஜமேரி பாதித் தூக்கத்தில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மேகம் மெல்ல நகர்ந்தது. அதற்குள் அவளே பழைய செருப்போடு நடந்து போவது போலிருந்தது. கிராம நர்ஸாக இருபத்தெட்டு வருஷம் இந்த மலையைக் காலால் அளந்தவள் ஆயிற்றே, கனவில் மட்டும் கால் ஓயுமா?

அந்த நாளில் வீடு வீடாகப் படியேறி அவள் பாடியது ஒரே பாட்டுத்தான். "ரெண்டோட நிறுத்திக்கம்மா. ஒண்ணுன்னா இன்னும் நல்லது. ஆளு கொறஞ்சாத்தான் பூமி தாங்கும்." அவளுடைய பங்குச்சாமியார் முகம் சுளித்தார். மாமியார்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ராஜமேரியா அசைவாள்? ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தாள். மகள் ஜோஸ்பின் ஒருத்தியோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஜோஸ்பின்தான் இப்போது கார் ஓட்டுகிறாள். கம்பெனிகள் விடும் கரிப்புகையைக் கணக்கிடுவது பெங்களூரில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம்.

ஒரு வளைவில் ராமக்கா கைகாட்டிக் காரை நிறுத்தினாள். நர்ஸ் பேச்சைக் கேட்டு இரண்டோடு நிறுத்தியவள்.

"நர்சம்மா! உங்க புண்ணியத்துல புள்ளைங்க ரெண்டும் ஓசூர் கம்பெனியில இருக்குதுங்க. மாடி வூடு கட்டிட்டோம். ஃபிரிட்ஜ், ஹீட்டர், ஆளுக்கொரு வண்டி, எல்லாம் இருக்குதுங்க."

அவள் மாமியார் காலத்தில் அதே இடத்தில் பதினொரு பேருக்கு ஒரு சிம்னி விளக்கு.

"உங்களுக்குப் பேரப்புள்ள எத்தனைங்க?"

ராஜமேரி சிரித்து மழுப்பினாள். கார் நகர்ந்ததும் மகளிடம் கேட்டேவிட்டாள்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா," என்றாள் ஜோஸ்பின். "அந்தக்கா வூட்டையே பாரு. பதினொரு பேரு நாலாச்சு, புகை கொறஞ்சுதா? வசதி ஏற ஏற அதுவும் ஏறுது. இதுல இன்னொரு உசுரா? பூமி தாங்காதும்மா. நீ சொன்னதுதானே?"

"ஒண்ணு போதும்னேன்டி. ஒண்ணுமே வேணாம்னா சொன்னேன்? வசதியக் கொறச்சுக்கறது! இந்தக் குளிர்லயும் ஏசி என்னத்துக்கு?"

ஜோஸ்பின் சிரித்துக்கொண்டே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினாள். சாமைக் காட்டு வாசனையோடு காற்று உள்ளே வந்தது. ராஜமேரிக்கு மறுபடி கண் சொக்கியது. மடியில் சின்னத் தலை ஒன்று சாய்ந்து தூங்குவது போல, தொடைகூட மரத்துப்போவது போல ஒரு நினைப்பு. பேரப்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

பேசிக் கரைத்துவிடலாம் என்று வாயெடுத்தாள். பேசியே ஒரு மலையை மாற்றியவள் அல்லவா? ஆனால் நாக்கில் வந்ததெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வைக்கிற பேச்சு. பெற்றுக்கொள் என்று சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.