தொழிற்சாலையோடு திரும்பி வந்த துரை

சுதந்திரம் வந்ததும் கண்டோன்மென்ட் ராணுவக் குடியிருப்பை விட்டுக் கப்பலேறிய துரைகளில் ஒருவர், பத்து வருடம் கழித்துப் பெங்களூருக்கே திரும்பி வந்தார். இந்த முறை ராணுவ உடுப்பு இல்லை. ஊருக்கு வெளியே அவர் நாட்டுக் கம்பெனி முதல் போட்டுக் கட்டிய தொழிற்சாலைக்கு மேனேஜர். நான் அவருடைய ஸ்டெனோ. சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

லண்டன் தலைமை அலுவலகத்துக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதங்களில் ஒரு கருத்து அடிக்கடி வரும். பட்டாளத்தை வைத்துக் காப்பாற்ற முடியாத செல்வாக்கை முதலீட்டால் மீட்டுவிடலாம். தங்கள் பணமும் இயந்திரமும் இருக்கிற ஊரில் தங்கள் பேச்சு எடுபடும் என்பார். அதனால் ஆட்களை மேற்பார்க்கும் போர்மேன் வேலை அவர் நாட்டவருக்கு மட்டும்தான். நம்மவர்கள் இயந்திரத்தை ஓட்டலாம், பிரிக்கக் கூடாது.

ஒரு மழைக்காலத்தில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் நின்றுபோனது. வெள்ளைக்காரப் போர்மேன் காய்ச்சலில் கிடந்தார். நான்காம் நாள், கோலார் தங்கவயலிலிருந்து வந்த, இயந்திரம் பூட்டும் பிட்டர் ஒருவர் யாரையும் கேட்காமல் அதைப் பிரித்து, மாலைக்குள் ஓடவிட்டார்.

மறுநாள் அவரைப் பணிநீக்கம் செய்யும் கடிதத்தை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே துரை அவரை அழைத்தார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"யாரைக் கேட்டுப் பிரித்தாய்?"

"சுரங்கத்துல ஆளுங்கள எறக்குற மெஷினையே பிரிச்சு மாட்டுனவன்மா நான். இது நின்னு கெடக்கறத பாத்துக்கினு எப்படிச் சும்மா இருக்கறது? தூக்கறதுன்னா தூக்கட்டும். நாளைக்கு மறுபடி நின்னா யாரைக் கூப்பிடுவாருன்னு மட்டும் கேளும்மா."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிரஸ் ஓடும் சத்தம் அறைவரை கேட்டது. துரை பிட்டரை அனுப்பிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"உங்கள் முதலீடு இங்கே தேவைதான், சார். இனி எல்லாவற்றுக்கும் உங்கள் அனுமதியும் தேவையா என்று தெரியவில்லை."

தட்டச்சில் இருந்த தாளை உருவிக் கிழித்தார். கொஞ்ச நாளில் பிட்டர் போர்மேன் ஆனார். "இனி அங்கிருந்து ஆட்கள் வேண்டாம், இயந்திர வரைபடங்களை அனுப்புங்கள்" என்று துரை லண்டனுக்கு எழுதினார். அது அங்கே பிடிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

செல்வாக்கு மீண்டதா? அவர் வந்த புதிதில் காரைக் கண்டு எழுந்து நின்ற தொழிலாளிகள், கடைசியில் செய்கிற வேலையை விடாமல் தலையை மட்டும் அசைத்தார்கள். ஆனால் அவர் போன பிறகும், பிரஸ்ஸில் பிடிபடாத கோளாறு வந்தால், பிட்டர் என்னிடம் அவருக்குத்தான் கடிதம் எழுதச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.