கேமராவுக்குப் பின்னால் இருந்த குரல்

எங்கள் வீட்டில் எடுத்த வீடியோக்கள் எதிலும் என் மனைவி இல்லை. கேமராவைப் பிடித்திருந்தது எப்போதும் அவள்தான். மகள் முதலியார்பேட்டைத் தெருவில் சைக்கிள் பழகியது, தேங்காய்த்திட்டில் படகுகளைப் பார்த்து நின்றது, மழைத் தண்ணீர் வாசல் வரை வந்தபோது காகிதக் கப்பல் விட்டது, நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேப்பர் படித்தது, எல்லாம் அவள் எடுத்தவை. "கொடு, உன்னை ஒருமுறை எடுக்கிறேன்" என்று வாங்க எனக்குத் தோன்றியதே இல்லை. அதனால் அந்தப் பதிவுகளில் அவள் குரலாக மட்டுமே இருந்தாள். கேமரா ஓடும் நேரமெல்லாம் ஓயாமல் பேசுவாள். மகளை அதட்டுவாள், என்னைக் கிண்டல் செய்வாள், தானே சிரித்துக்கொள்வாள்.

அந்தக் குரல் இன்று எங்கும் இல்லை. இல்லாமல் ஆக்கியவன் நான்.

கேமரா அவளுடைய தம்பி கொடுத்தது. என் மாமனார் மில் தொழிலாளி. மச்சானுக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுபோயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த வீட்டில் பெண் எடுத்துக்கொண்டு பாரீஸ் பக்கம் போய், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் சேர்ந்தான். ஆகஸ்ட் லீவுக்கு வரும்போதெல்லாம் வீடு முழுக்க சென்ட் வாசனை. 'வுவாலா', அதாவது 'இதோ பார்', என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு பொருளையும் பெட்டியிலிருந்து எடுப்பான். நான் பட்டப்படிப்பு முடித்தவன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் மேலாளராக இருந்தேன். என் மேசையைத் தாண்டாமல் ஒரு பொருளும் வெளியே போகாது. மச்சானிடமிருந்து ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ளும்போது எனக்குள் ஏதோ கசக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன காலத்தில் கேமராவின் சின்ன கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. கடற்காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றையும் டிவிடியில் ஏற்றிவிட வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆகஸ்டில் மச்சான் ஒரு டிவிடி ரெக்கார்டரோடு வந்து இறங்கினான். பின்பக்கம் அகலமாக ஒரு சாக்கெட் இருந்தது. பிரான்சில் எல்லா டிவியிலும் அதுதானாம். அதன் பெயர் 'பெரிதெல்' என்றான். அதில் சொருக ஒரு கட்டையும், கேமராவோடு சேர்க்க மூன்று நிற ஒயரும் கொண்டுவந்திருந்தான்.

"இதக் கட்டையில சொருவி, கட்டைய அதுல சொருவினா முடிஞ்சுது மாமா. படம், சத்தம் எல்லாம் ஒண்ணா உள்ள போயிடும். வுவாலா."

"படம் மஞ்சள் ஒயரில்தானே போகும்?"

"ஆமா. அதனால இன்னா?"

நான் விளக்கினேன். மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகும். சிவப்புத் துணி விளிம்பில் கசியும், கோடு போட்ட சட்டை மினுக்கும். எஸ்-வீடியோ என்று வட்டமான முனையுள்ள ஒயர் வேறு இருக்கிறது, அதில் இரண்டும் தனித்தனியாகப் போகும், ரெக்கார்டர் வாங்குபவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், இதில் அந்த வட்டச் சாக்கெட்டே இல்லை என்றேன். ஒரு வகுப்பே நடத்தினேன். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் அக்காவைப் பார்த்து, "இன்னாக்கா, மாமா இதையும் ரிஜெக்ட் பண்ணிட்டாரா?" என்றான்.

அவள் சிரித்தாள். "என்னையே பொண்ணு பாக்க வந்தப்ப ரெண்டு வாட்டி திருப்பிப் பாத்தாருடா. ஏதோ பாஸ் போட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரெக்கார்டரை மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதைத் தன் மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டு, மூன்று நிற ஒயரை மட்டும் எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு, பாரீஸுக்குத் திரும்பினான். நான் கடை கடையாக ஏறி, முன்பக்கமே வட்டச் சாக்கெட் உள்ள ஒரு ரெக்கார்டரை வாங்கி வந்தேன்.

நான் சொன்னது தவறில்லை. வீட்டுக்கு ரெக்கார்டர் வாங்கும்போது எந்த வகை இணைப்பு என்பது முக்கியமா என்று இன்று யாராவது கேட்டாலும் முக்கியம் என்றுதான் சொல்வேன். முதல் கேசட்டை மஞ்சள் ஒயரில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். பிறகு மூன்று நிற ஒயரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு வட்ட முனை ஒயரைச் சொருகினேன். மகளின் சிவப்புப் பாவாடை சட்டென்று விளிம்பு கட்டி நின்றது. தேங்காய்த்திட்டுப் படகுகளில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமாங்க, பளிச்சுனு கீது" என்றாள். அந்த ஒரு சொல்லில் மச்சானை ஜெயித்துவிட்டது போல இருந்தது.

நான் மறந்தது இதுதான். வட்ட ஒயரில் படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்கு வெள்ளை, சிவப்பு ஒயர்களைத் தனியாகப் போட வேண்டும். அவை மஞ்சளோடு சேர்ந்த ஒரே கட்டு. மஞ்சள் வேண்டாம் என்று பிடுங்கியபோது அவையும் வந்துவிட்டன.

கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் கேமராவுக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. மூன்று நிற ஒயரைச் சொருகினால் அது அடங்கிவிடும், பிடுங்கினால் பேசும். டிவியும் கேமராவும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அறை முழுக்க அவள் குரல் கேட்டது. கேட்டதாலேயே உள்ளே போகிறது என்று நம்பினேன். உள்ளே போயிருந்தால் கேமரா வாயை மூடிக்கொண்டிருக்கும்.

அவள் பெரும்பாலும் கூடவே உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே தன் பழைய குரலைக் கேட்பாள். "யாருங்க இது, லொடலொடன்னு பேசறது. நானா?" என்பாள். "பாவம் நீங்க" என்பாள். ஒவ்வொரு டிவிடித் தகட்டையும் முடித்தபின் சோதித்தேன். வேகமாக ஓட்டி, நிறம் சரியா, கோடு விழுகிறதா என்று பார்த்தேன். வேகமாக ஓட்டும்போது சத்தம் வராது. எல்லாத் தகடுகளையும் பாஸ் செய்து, பெயர் எழுதி, பெட்டியில் அடுக்கினேன். கேசட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிச் சமையலறைப் பரணில் போட்டேன்.

அடுத்த லீவில் மச்சான் வந்தபோது நானாகத்தான் தகட்டைப் போட்டுக் காட்டினேன். அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். மகள் சைக்கிளில் வந்தாள். வாய் திறந்து ஏதோ கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இரைச்சல் மட்டும் வந்தது.

"இன்னா மாமா, ஊமப் படமா?" என்றான் மச்சான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "ரிஜெக்டு, ரிஜெக்டு."

"டிவியில் ஸ்பீக்கர் போய்விட்டது" என்றேன்.

மனைவி ரிமோட்டை வாங்கி சேனலை மாற்றினாள். செய்தி வாசிப்பவரின் குரல் வீடே அதிரும்படி வந்தது. அவள் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்து, தம்பியிடம், "காபி ஆறுதுடா, குடி" என்றாள்.

அவன் போனபிறகு கேட்டாள். "கேசட்டெல்லாம் பரண்ல இருக்குதில்ல? சத்தத்தோட திரும்பப் போட்டுடலாமா?"

"போடலாம். ஞாயிற்றுக்கிழமை."

அந்த ஞாயிறு போடவில்லை, அடுத்த ஞாயிறும் போடவில்லை. மூன்று நிற ஒயர் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. வெள்ளையையும் சிவப்பையும் சொருகினால் போதும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மச்சானின் சிரிப்பு கேட்டது. அவன் சொன்னதைச் செய்வது போல இருந்தது. வேலை இருக்கிறது என்றேன், கேமரா சூடாகிறது என்றேன். அவள் அவ்வப்போது நினைவுபடுத்தினாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். ஒருமுறை மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நான் பேசறத கேக்கறதுக்கு யாரு ஏங்கறாங்க. விடுங்க."

அப்போதுகூட நான் பரணில் ஏறவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு காலை அவள் குளியலறையில் விழுந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவள் பேசியதைப் பதிந்து வைத்த வேறு எதுவும் எங்களிடம் இல்லை. போனிலேயே பேச்சைப் பதிந்துகொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போனபின் பையை இறக்கினேன். கேசட்டுகளின் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. கேமரா அவற்றை விழுங்கவில்லை, கரகரத்து வெளியே தள்ளியது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள், நாடா ஒட்டிக்கொண்டு கிழிந்தது. மற்றவற்றை மச்சானிடம் கொடுத்தனுப்பினேன். பாரீஸில் இரண்டு இடத்தில் கேட்டானாம். தொலைபேசியில், "ஒண்ணும் தேறலயாம் மாமா" என்றான். கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளிடம் சொல்லவில்லை. இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள், அவளுக்கே ஒரு பெண் குழந்தை. இத்தனை வருடமும் அந்தத் தகடுகளைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. "அம்மா குரல கேட்டா தாங்க மாட்டேம்பா. அப்புறம் பாக்கறேன். பத்திரமா வச்சிருங்க" என்பாள். "பத்திரமாக இருக்கிறது" என்பேன். அந்தப் பெட்டியில் அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் வேறெதையும் தேடவில்லை.

போன மாதம் போன் செய்தாள். "பாப்பா, அவ ஆயா எப்படிப் பேசுவாங்கன்னு கேக்கறா. இந்த வாட்டி வந்து போட்டுப் பாத்துடறேன்பா."

வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வந்ததும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முதலில் தான் மட்டும் பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் தகட்டைப் போட்டேன். படம் இப்போதும் அழகாகத்தான் இருந்தது. சிவப்புப் பாவாடையில் ஒரு கசிவு இல்லை. அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். நான் முன்பு செய்தது போலவே இன்னும் கூட்டினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது சொன்னேன். ஒயரைச் சொன்னேன், மச்சானைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைகளையும் சொன்னேன்.

அவள் டிவியின் இரைச்சலைக் குறைத்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நீங்க திரும்பப் போடல?"



திரையில் அவள் சிறுமியாகப் படகின் முன் நின்றிருந்தாள். கேமராவுக்கு மேலே, அம்மாவின் முகம் இருந்திருக்கும் இடத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து ஏதோ கேள்வி வந்திருக்கிறது. சிறுமி புருவத்தைச் சுருக்கி யோசித்தாள், பிறகு ஏதோ சொன்னாள், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மகள் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"இங்க அம்மா இன்னாப்பா கேட்டாங்க?"

அன்று நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பிறகு பதிவு செய்த நாளில் இதே அறையில் இன்னொரு முறையும் கேட்டேன். இரண்டு முறையும் நான் கவனித்தது வேறு எதையோ.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

தகட்டை எடுத்து அவளே உறையில் போட்டாள். அம்மாவின் குரலை ஏற்றிக்கொள்ளக் கொண்டுவந்திருந்த பென் டிரைவைத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டி வரப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.