நான்காவது கார்பன் காப்பி

ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். பதினான்கு டிரங்குப் பெட்டிகள். எங்கள் பழைய கமிஷனர் விட்டுப்போன காகிதங்களின் கணக்கு இது. இரண்டு முறை எண்ணினேன். முதல் முறை ஒன்று குறைந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எண்பதுகளில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நகராட்சி ஆணையர்; நான் அவருடைய டைப்பிஸ்ட். பிறகு பெரிய நகரங்களுக்குப் போனார். கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவே ஆகிவிட்டார். ஓய்வுக்குப் பின் ராஜபாளையத்தில் வீடு. போன வருடம் காலமானார்.

காகிதங்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தர வேண்டும், பிரித்துக் கொடுங்கள் என்று அவருடைய மகள் கேட்டார். என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

இருபத்து மூன்று நாளில் முடித்தேன். உத்தரவுகள் தனி, கடிதங்கள் தனி, பட்டமளிப்பு விழா உரைகள் தனி. டைப் அடித்த உரை இருக்கும்போது கையால் எழுதிய வரைவு எதற்கு? வரைவுகளை மூன்று சாக்கில் கட்டி, 'தேவையில்லை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மாள் வந்து நின்றார்.

வன்னியம்பட்டிக்காரர். எங்கள் ஆபீசைப் பெருக்கியவர். இன்னமும் பெருக்குகிறார் — தினக்கூலியாகவே. நிரந்தரம் செய்வதற்கு இப்போது ஒரு பட்டியல் போடுகிறார்கள். எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார் என்று காட்ட உத்தரவு வேண்டும். ஆபீஸ் காப்பியைக் கரையான் தின்றுவிட்டது. எண்ணும் தேதியும் கிடைத்தால்கூடப் போதும், பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களாம். திங்கட்கிழமை கடைசி நாள். இதை விட்டால், அவர் ஓய்வு பெறுவதற்குள் இன்னொரு பட்டியல் வரப்போவதில்லை.

அந்த உத்தரவை அடித்தவன் நான்தான். எண் ஞாபகம் இருக்கிறதா? எதை எதையோ எண்ணுகிறவனுக்கு அந்த ஒரு எண் மட்டும் நினைவில்லை!

உத்தரவுக் கட்டுகள் நாற்பத்தொன்றையும் பிரித்தேன். மத்தியானமாகிவிட்டது. இல்லையம்மா, அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். தேடிய பொருள் கிடைக்காவிட்டால் எதிரில் இருப்பவர் மேல் கோபப்படுவது என் வழக்கம்.

அவர் எழுந்திருக்கவில்லை. சாக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன சார்?"

"ஐயா கிறுக்கிப் போட்ட தாளும்மா. கழிவு."

"அவிய ரூமை நாலு வருசம் பெருக்கியிருக்கேன். கூடையில ஒரு நாளாச்சும் காயிதம் கெடந்ததில்ல. அம்புட்டும் எங்க போச்சுன்னு நெனச்சிய?"

எனக்குச் சுரீரென்றது. நான் எப்போதும் கார்பன் வைத்து நான்கு காப்பி அடிப்பேன். நான்காவது மங்கலாகத்தான் விழும். அதை வீணாக்க மனசில்லாமல் கமிஷனர் வீட்டுக்குக் கொண்டுபோவார் — பின்பக்கத்தில் எழுத. துணைவேந்தரான பிறகும் அந்தப் பழைய கட்டிலிருந்துதான் உருவி எழுதியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு தாளைக்கூடத் திருப்பவில்லை.

சாக்கை அவிழ்த்தோம். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார், நான் படித்தேன். இரண்டாவது சாக்கில், பட்டதாரிகளுக்குச் சொன்ன அறிவுரைக்குப் பின்னால்... மங்கிய நீல எழுத்தில் மாரியம்மாள். எண், தேதி, கமிஷனரின் சுருக்கொப்பம் எல்லாம் இருந்தன.

"எம் பேரு எங்க இருக்கு சார்?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். செத்த நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க எண்ணத்தான் செய்திய. திருப்பிப் பாக்கமாட்டிய."

தாளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன். திங்கட்கிழமை அவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. பழைய பேப்பர்காரர் வெறும் சைக்கிளோடு திரும்பினார். மூன்று சாக்குகளும் நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தன.

நேற்று நூலகத்திலிருந்து கடிதம். அவர்கள் பட்டியலில் எழுத வேண்டுமாம்: அந்தத் தாளில் எது முன்பக்கம், எது பின்பக்கம்?

மாரியம்மாள் இருப்பதுதான் முன்பக்கம் என்று பதில் போட்டுவிட்டேன்.